அகன்ற முகம்

டிவியில் நிலா உருண்டையாகத் தெரிந்தால் அதற்காக யாரும் யாரையும் பாராட்டுவதில்லை. செங்கல்பட்டில் எங்கள் கேபிள் சேனலில் பதினாறு வருஷமாக அதை உருண்டையாக வைத்திருப்பவன் நான். கிராபிக்ஸ் பூபாலன் என்றால் தெரியும். கணினியில் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சதுரம். எங்கள் பழைய ஒளிபரப்பில் அதே புள்ளி அகலச் செவ்வகமாகிவிடும். மென்பொருளில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டால் எல்லாம் அளவுக்கு வந்துவிடும். போடாவிட்டால் நிலா முட்டையாகும், மனிதன் குண்டாவான். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன் சார், மற்றவர்களிடம் இதைப் பேசுவதில்லை.

என் மாமனார் செங்கல்வராயன் கேளம்பாக்கத்தில் எங்கள் ஃப்ளாட்டில் எட்டு மாதம் இருந்தார். ஒல்லியான ஆள், நீள முகம், ஞாபகம் போய்விட்டவர். மகள் சுஜாதாவை மட்டும் தெரியும். நான் வேலை முடிந்து உள்ளே நுழைந்தால் தினமும் அதே கேள்வி: "யாரும்மா இந்த ஆளு? இன்னாத்துக்கு நம்ம வூட்டுக்கு வந்துகினு கீறான்?"

"கேபிள்காரரு நைனா" என்று ஒருநாள் சுஜாதா விளையாட்டாகச் சொல்லிவைத்தாள். அதிலிருந்து நான் சாப்பிட உட்கார்ந்தால் எழுந்து வெளியே போகச் சொல்வார். அவள் சிரிப்பாள். சொந்த வீட்டில் எட்டு மாதம் என்னை நானே அறிமுகம் செய்துகொண்டிருந்தேன். வலித்தது. சொல்ல வெட்கமில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவரே கதவைத் திறந்து போய்விட்டார். திறந்துவிட்டது நானில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். 'காணவில்லை' என்று சேனலில் போடச் சொல்லி சுஜாதா அழுதாள். அவருடைய ஒரே நல்ல போட்டோ என் கணினியில்தான் இருந்தது. ஒரு மணி நேரத்தில் போட்டுவிட்டேன். கட்டத்தில் மட்டும் டிக் போடவில்லை. அவள் எழுதி அனுப்பியதில் 'ஒல்லியான உடல்' என்று இருந்தது. படத்தோடு ஒத்துவராததால் எடுத்துவிட்டேன்.

"நைனா மூஞ்சி இப்படியா கீது?" என்று போனில் கேட்டாள்.

"டிவில எல்லாருமே குண்டாத்தான் தெரிவாங்க" என்றேன்.

நம்பினாள். என் வேலையில் அவள் என் பேச்சைத் தட்டியதில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றியதும் டிவியிலிருந்து எடுத்த அந்தப் படம்தான். உங்கள் ஸ்டேஷனில் ஒட்டியிருப்பதும் அதுதான்.

அவர் மூன்று நாள் கோவளத்தில் காசியம்மாளின் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். தலைக்கு மேலே டிவி. அரை மணிக்கொருமுறை அவரைத் தேடும் அறிவிப்பு. டீயும் பன்னும் கொடுத்த காசியம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "பாவம், எந்த வூட்டுப் பெரியவரோ" என்று அவரிடமே சொல்லியிருக்கிறாள். உங்கள் முன்னால் அவள் சொன்னதுதான் இது. நாலாம் நாள் காலை முட்டுக்காட்டு உப்பங்கழியில் மிதந்தார்.

நான் பொய்ப் படம் போட்டேன் என்கிறீர்கள். ஒரு புள்ளியைக்கூட அழிக்கவில்லை, ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. அந்த முகத்தில் இருந்தது முழுக்க அவர்தான். ஊருக்குப் பார்க்கத் தெரியவில்லை என்றால் நான் என்ன செய்ய.

சேனலில் போட்ட கண்ணீர் அஞ்சலிப் படத்தையும் அதே போட்டோவை வைத்து நான்தான் செய்தேன். இந்த முறை டிக் போட்டேன். ஒட்டிய கன்னம், நீண்ட தாடை, எல்லாம் அளவாக வந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள், "அப்படியே அவுரே உக்காந்துகினு கீற மாரி கீது" என்றார்கள். காசியம்மாள் டிவியில் அதைப் பார்த்த நிமிஷமே ஆளைத் தெரிந்துகொண்டு உங்களுக்கு போன் செய்தாள். ஒரே போட்டோ எப்படி இரண்டு முகமானது என்று சுஜாதா கேட்டாள். அந்தக் கட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

நீங்கள் நல்லவர், சார். முதல் தடவை டிக் போட மறந்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் கேஸ் லேசாகிவிடும் என்கிறீர்கள். அப்படி எழுத மாட்டேன். பதினாறு வருஷத்தில் ஒருநாளும் நான் அதை மறந்ததில்லை. அன்றைக்கும் மறக்கவில்லை. மறதி என் மாமனாருக்குத்தான்.