சாத்தி வைத்த டேபிள்ஸ்பேஸ்

"கதவைச் சாத்தித்தானே வெச்சேன், ஊட்டையே இடிக்கச் சொன்னனா?"

சங்ககிரியில் பேருந்து கிளம்பியதுமே முன் இருக்கைப் பெண் வெடித்தாள். பக்கத்தில் அவளோடு வேலை பார்க்கும் இளைஞன். இருவர் கழுத்திலும் ஒரே லாரி கம்பெனியின் அட்டை.

"டேட்டாபேஸ்ல பழைய டிரிப்பு டேட்டா இருக்கற ரூம்பு அந்த டேபிள்ஸ்பேஸ். யாரும் தொறக்காத மாதிரி அதை ஆஃப்லைன்ல போட்டேன். அவ்வளவுதான்."

"யாருமே தொறக்கலீங்கக்கா. டிஸ்க்கு வேற நெறஞ்சிருச்சு. வேண்டாத ஃபைலுன்னு அழிச்சுப்போட்டனுங்க."

"ஆக்சிடென்ட்ல செத்த டிரைவரோட கடைசி டிரிப்பு அதுலதான் இருந்துச்சு. நாளைக்குக் கோர்ட்டுல குடுக்கோணும். பேக்கப்பு?"

"அதுவும் அதே டிஸ்க்குலதானுங்க இருந்துச்சு. சேர்த்து அழிச்சுட்டேன்."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"மொதலாளிக்குத் தெரியுமா?"

"இடம் காலியானது மட்டும் தெரியுமுங்க. சிஸ்டம் பறக்குதுன்னு காலையில கூப்பிட்டுப் பாராட்டினாரு."