பக்கத்து இருக்கையின் பிரேக்

முதல் பக்கத்தில் கண்ட பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது நாற்பத்தாறு. மருந்து மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். இன்று காலை விபத்துக்குள்ளான பயிற்சிக் காரை ஓட்டியது நான்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என் உடன்பிறந்த தம்பி. காரும் டிரைவிங் ஸ்கூலும் அவனுடையவை. நான் பதறிப் பிரேக் போட்டதாக அவன் காவலரிடம் சொல்லியிருக்கிறான். அது பச்சைப் பொய்.

அவனுடைய வருமான வரிக் கணக்கை, அவன் சொல்லும் தொகையை வைத்து, ஆண்டுதோறும் நான்தான் தாக்கல் செய்து கொடுக்கிறேன். இந்த முறை ரசீதுகளைப் பார்த்தபோது, லைசென்ஸ் தேர்வில் தேறியவர்கள் கட்டிய பணத்தை மட்டுமே அவன் வருமானமாகக் காட்டி வந்தது தெரிந்தது. கேட்டதற்கு, "ஃபெயிலானவங்க திரும்ப வருவாங்கக்கா, இன்னும் சொல்லித் தரணும். அது எப்படி வருமானமாகும்?" என்றான். அவனிடம் படிப்பவர்களில் பெரும்பாலோர் ஃபெயில்தான். வாங்கியதெல்லாம் வருமானம், விட்டுப்போனதையும் சேர்த்துத் திருத்திவிடலாம் என்று பொறுமையாகத்தான் சொன்னேன். அதிலிருந்து அவன் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்று காலை பேச வேண்டும் என்று காரைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தி, என்னை ஓட்டச் சொன்னான். அவன் உட்காரும் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மார்க்கெட் சாலையில் போகும்போது, வரிக் கணக்கைப் பழையபடியே அனுப்பிவிடு என்றான். முடியாது என்றேன். அதன் பிறகு, "கூடப்பிறந்தவளா நீ? குழி பறிக்கிறியே!" என்று கத்திக்கொண்டே தன் காலடியில் இருந்த பிரேக்கை ஓங்கி மிதித்தான். கார் நடுச்சாலையில் நின்றது. பின்னால் ஸ்கூட்டரில் வந்த பால்காரர் மோதி விழுந்து கால் முறிந்தது. தம்பி இறங்கி முதலில் பார்த்தது காரின் பின்விளக்கை. அவனை அங்கேயே அறையலாம் போல இருந்தது.

அதன் பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னை ஓரமாக அழைத்து, "நீதான் பிரேக் போட்டேன்னு சொல்லிடுக்கா. நான்னு தெரிஞ்சா ஸ்கூலை மூடிடுவாங்க. நீ சொன்னா, நீ எழுதற கணக்குல கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடறேன்" என்றான். சட்டைப்பையிலிருந்து பேனாவையும் எடுத்துவிட்டான். உள்ளே பால்காரர் அலறிக்கொண்டிருந்தார். உன் கையெழுத்தும் வேண்டாம், இனி உன் உறவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. தம்பி என்பதற்காக ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம்.

(ஒப்பம்)