மூன்றுகால் நாய்க்கு நான் எழுதிய விளக்கம்

இசைத்தட்டு விமர்சனம் எழுதுகிறவனுக்கு முதலில் வேண்டியது நல்ல நாற்காலி. ஒரு பக்கம் இருபது நிமிஷம், மறுபக்கம் இருபது நிமிஷம் அசையாமல் உட்கார வேண்டும். முதுகு வலித்தால் அந்தக் கோபம் பாடகன் மேல் போய்விடும். இந்தக் கிங்ஸ்டனில் பதினேழு வருஷம் ஞாயிறு தவறாமல் பத்திரிகையில் எழுதியவன் என்கிற முறையில் சொல்கிறேன்.

உங்கள் ஒலிப்பதிவுக் கருவி ஓடுகிறதா? ஓடட்டும். நீங்கள் வானொலியிலிருந்து கேட்டு வந்த கேள்வி எளிமையானது. பாடகன் எவரால்ட் பின்னக்கின் 'தாழில்லாத வாசல்' இசைத்தட்டு வெளிவந்து இருபது வருஷம் ஆகிறது, அதன் கடைசிப் பாட்டான 'மூன்றுகால் நாய்'க்கு அர்த்தம் கண்டுபிடித்துச் சொன்னவர் லஸல்ஸ் ஃபேசியாகிய நீங்கள்தான், அதைப் பற்றிப் பேசுங்கள் என்றீர்கள். பேசுகிறேன். நடுவில் காப்பி வேண்டுமென்றால் தயங்காமல் கேளுங்கள்.

எவரால்டும் நானும் ஜோன்ஸ் டவுனில் ஒரே வளவில் வளர்ந்தவர்கள். எல்லாருக்கும் ஒரு குழாய், ஒரு அடுப்படி. எதிரெதிராக இரண்டு அறைகள். ஒன்றில் அவன் அம்மா, இன்னொன்றில் என் அம்மா. பதினாறு வயதில் நாங்கள் இருவரும் ஜோடியாகப் பாடினோம். சினிமாக் கொட்டகை ஒன்றில் போட்டி வைத்தார்கள். நான் குரலை மேலே ஏற்ற வேண்டிய இடத்தில் அது கீச்சென்று உடைந்துவிட்டது. கூட்டம் சிரித்தது. ஆரஞ்சுத் தோல் ஒன்று பறந்து வந்து என் சட்டையில் ஒட்டிக்கொண்டது. எவரால்ட் என் பகுதியையும் சேர்த்து அவனே பாடி முடித்தான். இரண்டாம் பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகு நான் பாடவில்லை. இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. வேறு யாராவது உங்களிடம் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், அவ்வளவுதான்.

எழுபத்தெட்டு ஏப்ரலில் அந்தத் தட்டு வந்தது. அதுவரை அவன் ஒற்றைப் பாட்டுகளாகவே வெளியிட்டுக்கொண்டிருந்தான். முழுத் தட்டு என்பது அதுதான் முதல் தடவை. எட்டு மாசம் காற்றே புகாத ஓர் அறையில் உட்கார்ந்து பதிவு செய்தான். வாசிப்பவர்கள் எல்லாருக்கும் அவன் மனைவி ஐசில்டாதான் சமைத்துக்கொண்டு போனாள். நான் எழுதினேன்: 'பின்னக் பாடவில்லை. சலவைக்குப் போட்ட துணிகளின் பட்டியலை வாசிக்கிறார். இரண்டாம் பக்கமும் இதே சங்கதிதான்.' ஊரில் அந்த வரியைப் பலர் மனப்பாடமாகச் சொன்னார்கள். கடைக்காரர்கள் தட்டை முன்வரிசையிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்கள். அதில் எனக்குச் சந்தோஷம் என்று சொல்லமாட்டேன். ஒரு நல்ல வரி எழுதினால் வரும் நிம்மதிதான்.

இரண்டாம் பக்கத்தை நான் போடவே இல்லை. அன்று வானொலியில் கிரிக்கெட் வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. தொழிலில் இருப்பவர்கள் எல்லாருமே எப்போதாவது செய்வதுதான்.

ஜூன் மாசம் லண்டன் பத்திரிகை ஒன்று முழுப்பக்கம் ஒதுக்கி, இந்த வருஷத்தின் தலைசிறந்த தட்டு இதுதான் என்று எழுதியது. அதோடு விட்டிருக்கலாம். கடைசியில் என்னுடைய சலவைப் பட்டியல் வரியை எடுத்துப் போட்டு, 'கிங்ஸ்டன் விமர்சகருக்கும் காது உண்டு, அன்றைக்குச் சலவைக்குப் போயிருக்கும்' என்று முடித்திருந்தார்கள்.

இந்த ஊரைத்தான் உங்களுக்குத் தெரியுமே. கிராஸ் ரோட்ஸில் இளநீர் விற்கிறவன் கத்தியை ஓங்கிக்கொண்டே, "என்ன சார், இன்னிக்கு வெளுத்து வந்தாச்சா, இல்ல இன்னும் கொடியிலதான் தொங்குதா?" என்றான். பஸ்ஸில் நடத்துனர் அம்மா என் பையைப் பார்த்து, "அழுக்கு மூட்டைக்குத் தனி டிக்கெட் ஐயா" என்றாள். பஸ் முழுக்கச் சிரித்தது. எங்கள் ஆசிரியர் மிஸ்டர் லிண்டோ நல்ல மனிதர். அவர் சிரிக்கவில்லை.

"நம்ம ஊர்ப் பாட்டு நல்லாருக்குன்னு நமக்கு லண்டன்காரன் வந்து சொல்லணுமா? மறுபடி கேளும். கேட்டுட்டு மறுபடி எழுதும். இந்தத் தடவை காதையும் கூடக் கூட்டிட்டுப் போம்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் எவரால்ட் என் வீட்டுக்கு வந்தான். சுட்ட சீமைப்பலாவும் பொரித்த மீனும் கொண்டுவந்திருந்தான். பத்திரிகைத் தாளில்தான் சுற்றியிருந்தான். என் பக்கம் அச்சான தாள் இல்லை, நான் பார்த்துக்கொண்டேன்.

"கோவமாடா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? மூணாவது பாட்டுல இழுத்துட்டேன்னு எழுதினே. நெசந்தானே. ஐசில்டாவும் அதையேதான் சொல்லித் தலையில குட்டினா."

"லண்டன்காரன் தலையில தூக்கி வெச்சிருக்கானே."

"அவன் கிடக்கான். அவன் எழுதினதுல பாதி எனக்கே புரியல. ஆனா நீ சார்ஜண்டைப் பத்தி ஒரு வார்த்தை எழுதலையேடா. அதுதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்."

"எந்த சார்ஜண்ட்?"

அவன் சிரித்தான். நான் வேடிக்கைக்குக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டான். "கடைசிப் பாட்டுடா. நம்ம சார்ஜண்ட். பஸ் ஏறி ஒரு கால் போச்சே. காலையில எங்க வீட்டுல தின்னுட்டு சாயங்காலம் உங்க வீட்டுல போய்ப் பட்டினி கிடந்த மாதிரி நிக்குமே. எங்கம்மாவும் உங்கம்மாவும் சண்டை போட்ட ஆறு மாசமும் ரெண்டு வீட்டுக்கும் அதுதானே போய்வந்துட்டு இருந்துச்சு. அந்தப் பாட்டு நம்ம ரெண்டு பேருக்காகப் பண்ணினதுடா."

நான் மீன் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவன் சிரிப்பு மெல்ல நின்றது.

"நீ அதைக் கேக்கலையா லஸல்ஸ்?"

"கேட்டேன்."

"சரி" என்றான். சீமைப்பலாவை இரண்டாகப் பிட்டுப் பெரிய பாதியை என் தட்டில் வைத்தான். ஒருவன் நம்மைத் திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். அவன் முகத்தில் கோபமே இல்லை. என் பகுதியையும் சேர்த்துப் பாடியபோது இருந்த அதே முகம். நான் மீனைச் சாப்பிட்டேன். உப்புச் சரியாக இருந்தது.

அவன் போன பிறகு இரண்டாம் பக்கத்தைப் போட்டேன்.

'மூணுகாலு நொண்டி வருது,
ரெண்டு வீட்டுச் சோறு தின்னு வருது,
யாரு வீட்டைக் காக்குதுன்னு
யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியும்.'

நல்ல பாட்டு. மிக நல்ல பாட்டு. ஆறு தடவை கேட்டேன். ஆறாவது தடவை கேட்கும்போதுதான், எங்கள் வளவைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவன் இதைக் கேட்டால் என்ன நினைப்பான் என்று யோசித்தேன். விமர்சகன் அப்படித்தான் யோசிக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் மேற்குக் கிங்ஸ்டனில் நாலு தெருவை டீக்கன் என்று ஒருவன் கையில் வைத்திருந்தான். டீக்கன் என்றால் தேவாலயத்தில் பாதிரியாருக்குத் துணையாள், ஆனால் கோயிலுக்கும் இவனுக்கும் சம்பந்தமில்லை. மெதுவாகப் பேசுவான் என்பதால் அந்தப் பெயர். இடது முழங்காலில் குண்டு பட்டு, கோல் ஊன்றி நடப்பான். கட்சிக்காரர்கள் கொடுப்பதையும் வாங்கிக்கொண்டு போலீசுக்கும் ஆள் காட்டிக் கொடுக்கிறான் என்று ஒரு வதந்தி இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. காட்டிக்கொடுப்பவன் என்று ஒருவனுக்குப் பெயர் விழுந்தால், ஒன்று அவன் சாக வேண்டும், அல்லது அந்தப் பெயரைச் சொன்னவன் சாக வேண்டும். எழுபத்தெட்டில் அது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே சிறந்த விமர்சனம் அதுதான். தட்டை வானளாவப் புகழ்ந்தேன். முன்னே எழுதியது தவறு என்று ஒப்புக்கொண்டேன். அதற்கு எவ்வளவு மனம் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். கடைசிப் பாட்டுக்கு வந்தபோது எழுதினேன்: 'கோல் ஊன்றி நடப்பவருக்குக் கால் மூன்று. அவர் எந்த இரண்டு வீட்டில் சாப்பிடுகிறார் என்று மேற்குக் கிங்ஸ்டன் அறியும். அதைப் பாடும் துணிச்சல் பின்னக் ஒருவருக்குத்தான் இருக்கிறது.' பெயர் எழுதவில்லை. பெயரை எழுதுவது விமர்சனம் ஆகாது.

மிஸ்டர் லிண்டோ நாய் பற்றிய வரிகளைப் படிக்கும்போது ஏதோ பொதுவாக அரசியல்வாதிகளைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். அவர் பணக்காரர்கள் இருக்கும் மலைப்பக்கம் குடியிருப்பவர், மேற்குக் கிங்ஸ்டன் சமாச்சாரம் தெரியாது. "இதுதான்யா எழுத்து" என்று முதுகில் தட்டினார். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அது வந்தது.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே எவரால்ட் அலுவலகத்தில் நின்றான். பத்திரிகையை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தான்.

"என்னடா எழுதி வெச்சிருக்கே? அது நாய்டா. நெசமான நாய்."

"ஒரு பாட்டுக்கு ஒரே ஒரு அர்த்தந்தான்னு யாரு சொன்னா?"

"லஸல்ஸ், விளையாடாதே. ஐசில்டா நேத்துலேருந்து ஒரு வாய் சாப்பிடல. நாளைக்கே ஒரு வரி போடு. அது நம்ம வளவு நாய், நானும் அதோட வளர்ந்தவன்னு உன் பேரோட போடு. நான் சொன்னா பயந்துபோய்ச் சொல்றேம்பாங்க. நீ சொன்னா நம்புவாங்க."

"ஆசிரியர்கிட்டக் கேக்கறேன்."

"கேளுடா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

நான் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவனைக் கூப்பிட்டு, ஆசிரியர் முடியாது என்கிறார், விடாமல் முயற்சி செய்கிறேன் என்றேன். மிஸ்டர் லிண்டோவிடம் சொல்லியிருந்தால் முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போட்டிருப்பார். அப்படிப்பட்டவர் என்பதால்தான் கேட்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் டீக்கன் வந்தான். தனியாகத்தான் வந்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வலிக்கிற காலை நீட்டி உட்கார்ந்தான். வயது ஐம்பது இருக்கும். மூக்குக்கண்ணாடி போட்டால் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்திருப்பான்.

"வாத்தியாரே, எனக்கு எழுத்து அவ்வளவா வராது. நீங்களே படிச்சுக் காட்டுங்க" என்றான்.

படித்தேன். அந்த மூன்று வரிகளை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னான். படித்தேன்.

"பொடிப் பசங்க வந்து கேக்கறானுங்க, என்ன டீக்கன், சும்மா இருக்கேன்னு. நான் சும்மா இருந்தா அவனுங்க என்னை இருக்க விடமாட்டானுங்க. ஆனா அந்தப் பாட்டுக்காரன் ஆள் அனுப்பியிருக்கான். அது நெசமாவே நாயாம். உங்க ரெண்டு பேரு வளவுல வளர்ந்த நாயாம். உங்களைக் கேட்டாத் தெரியும்னு சொன்னானாம்." கோலைத் தரையில் மெதுவாகத் தட்டினான். "அப்படி ஒரு நாய் இருந்துச்சா? இருந்துச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. பயலுவகிட்ட அதைச் சொல்லிட்டு நான் பாட்டுக்குப் போயிடறேன்."

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். நான் ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்றுதான் அவன் ஆசைப்பட்டான். அது முகத்திலேயே தெரிந்தது. களைத்துப்போயிருந்தான்.

"எங்க வளவுல நாயே கிடையாது" என்றேன்.

அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு, நேரம் ஒதுக்கியதற்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்தான். படியில் இறங்க அவனுக்கு ரொம்ப நேரம் ஆனது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு எவரால்ட் வாசலில் உட்கார்ந்து ஐசில்டாவின் தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். நாலு குண்டு. அவனுக்கு முப்பத்துநாலு வயது.

அஞ்சலிக் கட்டுரையும் நான்தான் எழுதினேன். வேறு யார் எழுதுவது? அடக்கத்தன்று ஐசில்டா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அந்த ஒரு வரியைப் போட வைக்க நீங்க எவ்வளவோ அலைஞ்சீங்கன்னு அவரு சொன்னாரு. கடைசி வரைக்கும் உங்களை நல்லபடியாத்தான் பேசினாரு" என்றாள். நான் அவளை அழ விட்டேன். போன மாசம் அவளும் போய்விட்டாள். டீக்கனை அடுத்த வருஷமே சுட்டுவிட்டார்கள். இனி இதைக் கேட்டு வருத்தப்பட யாரும் இல்லை. அதனால்தான் உங்களிடம் பேசுகிறேன்.

அந்தத் தட்டு இன்றுவரை விற்கிறது. லண்டன்காரர்களும் நாய் என்றால் டீக்கன்தான் என்று எழுதிவிட்டார்கள். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள், உயிரைப் பணயம் வைத்துப் பாடிய பாட்டு என்று கட்டுரை எழுதுகிறார்கள். ஊர்வலங்களில் பாடுகிறார்கள். நீங்களும் அந்த அர்த்தத்தைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தீர்கள். அதைக் கேட்டு, எதிரெதிராக இருந்த இரண்டு அறைகளையும் நடுவில் நொண்டிக்கொண்டு ஓடும் ஒரு நாயையும் நினைப்பவர் உலகத்தில் ஒருவர் கூட இல்லை, என்னைத் தவிர. அவன் சாதாரணப் பாடகனாகச் செத்திருப்பான். இப்போது அவன் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. என்னால் அவனுக்கு ஒரு கெடுதலும் வந்ததாக, இசையை மட்டும் வைத்துப் பார்த்தால், யாரும் சொல்ல முடியாது.

முகம் ஏன் இப்படி வெளுத்துவிட்டது? கருவியை நிறுத்த வேண்டாம். எவரால்ட் பின்னக்கைக் கொன்றவன் லஸல்ஸ் ஃபேசி என்று தாராளமாக ஒலிபரப்புங்கள், நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்தப் பாட்டை முழுசாகப் புரிந்துகொண்டவன் நான் ஒருவன்தான் என்பதை அதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.