அப்வோலி நலமா என்று கேட்டவருக்கு நான் சொன்ன பதில்

வாயால் சொல்ல ஆரம்பித்து இரண்டு முறை பாதியில் நின்றுவிட்டதால் எழுதித் தர அனுமதி கேட்டேன். அதனால் விசாரணை அதிகாரி ஐயாவுக்கு ஏற்பட்ட தாமதத்துக்கு மன்னிக்கவும்.

என் பெயர் கோபுசிங்கே, வயது 24, தகப்பனார் பெயர் கட்டூராமு, அவர் கியென்ஜோஜோவில் தேயிலை பறிப்பவர். எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்பு முடித்தது நான் மட்டும். நான் கம்பாலாவில், பல்கலைக்கழக வளாகத்திலுள்ள விருந்தினர் இல்லத்தின் பின்னறையில் தங்கி, அதே இல்லத்தில் பதினான்கு மாதங்களாக உதவியாளராக வேலை செய்கிறேன்.

மேற்படி இல்லம், நிலத்துக்காகவும் தண்ணீருக்காகவும் வழக்காடி மிரட்டலுக்கு ஆளானவர்கள் ஆறு மாதம் தங்கி எழுதவும், மாணவர்களுக்கு வகுப்பெடுக்கவும், பயமில்லாமல் தூங்கவும் ஏற்படுத்தப்பட்டது. இந்தப் பருவத்துக்கு மூன்று பேர் வர வேண்டியிருந்தது, இருவருக்கு விசா கிடைக்காததால் ஹொய்மா பக்கத்திலிருந்து வந்த திருமதி கபஹேந்தா, வயது 47, ஒருவர் மட்டுமே தங்கியிருந்தார். அவருடைய ஊர்ச் சதுப்பு நிலத்தை ஒரு கரும்புக் கம்பெனி தண்ணீரை வடித்துக் கைப்பற்றியதை எதிர்த்துப் போட்ட வழக்கில் அவர் முதல் மனுதாரர்.

அவர் புதன்தோறும் சட்ட மாணவர்களுக்கு வகுப்பெடுத்தார். இரண்டு கேள்வி வரும், அதன் பிறகு எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள். நான் நாற்காலிகளை அடுக்கி முடிக்கும்வரை அவர் காத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் வளாகம் காலியாகிவிடும் என்பதால் நாங்கள் இருவரும் சேர்ந்து கேழ்வரகுக் களி கிண்டிச் சாப்பிடுவோம். "பட்டம் வாங்கிட்டே, குரல் மட்டும் இன்னும் தேயிலைத் தோட்டத்துலயே இருக்கு அட்யேரி. இந்த வீட்டுல பல்லி உன்னைவிடச் சத்தமா பேசுது" என்று சொல்லுவார்.

அதிகாரி ஐயா எங்கள் பகுதியைச் சேர்ந்தவர் அல்லர் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்களில் ஒவ்வொருவருக்கும் சொந்தப் பெயருடன் எம்பாக்கோ என்ற அன்புப் பெயர் ஒன்று உண்டு. அது மொத்தமே ஒரு பன்னிரண்டு பெயர்களில் ஒன்றாக இருக்கும். முதலில் அதைக் கேட்டு, அதைச் சொல்லித்தான் நலம் விசாரிப்போம். அப்படி விசாரித்தவருக்குப் பதில் சொல்லாமலிருப்பது முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவதற்குச் சமம். என்னுடையது அட்யேரி. திருமதி கபஹேந்தாவுடையது அப்வோலி. இந்த வளாகத்தில் என் எம்பாக்கோ தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

14.11.2023 செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணியளவில் பழுப்பு நிறக் கோட்டு அணிந்த, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஒரு பை கேழ்வரகு மாவுடன் இல்லத்து வாசலுக்கு வந்தார். "நான் அராலி. உன் எம்பாக்கோ என்ன மகளே?" என்று கேட்டார். சொன்னேன். அதன் பிறகு அவர் அட்யேரி என்று அழைத்து என் தகப்பனாரை விசாரித்தார், தாயாரை விசாரித்தார், ஊரில் மழை எப்படி என்று கேட்டார். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அதன் பிறகு அதே குரலில், "அப்வோலி நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். "நல்லா இருக்காங்க" என்றேன். அவர் மாவுப் பையைக் கொடுத்துவிட்டு, உள்ளே வராமல் போய்விட்டார்.

நான் வேலையில் சேர்ந்தபோது கையெழுத்திட்ட விதிகளின்படி, தங்கியிருப்பவர் பெயரை வெளியாரிடம் சொல்லக் கூடாது, இருக்கிறார் என்றோ இல்லை என்றோ சொல்லக் கூடாது. தவறிச் சொல்லிவிட்டால் உடனே இல்லப் பொறுப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும், தெரிவித்தால் அன்றைக்கே அவரை வேறு வீட்டுக்கு மாற்றுவார்கள். யாராவது கபஹேந்தா இருக்கிறாரா என்று கேட்டிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். இதற்கு முன் அப்படி மூன்று பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அதன் பிறகு நான் மாவைத் திருமதி கபஹேந்தாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். யார் தந்தது என்று கேட்டார். அராலி என்று ஒருவர் என்றேன். "ஊர்ல பாதி ஆம்பிளைங்க அராலிதான். என்னை மிரட்டினவனும் அராலி, எனக்கு ஜாமீன் நின்னவரும் அராலி" என்று சிரித்தார். பிறகு பையைத் திறந்து மாவை விரலில் தேய்த்துப் பார்த்து, திரும்பக் கட்டி, ஜன்னல் ஓரம் வைத்தார். "நீ என்ன சொன்னே அட்யேரி?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, எனக்காக மூடி வைத்திருந்த தேநீரை எடுத்துக் கொடுத்தார். நான் குடித்தேன். அன்றும் மறுநாளும் நான் யாரிடமும் எதையும் தெரிவிக்கவில்லை.

16.11.2023 வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிப் போன திருமதி கபஹேந்தா திரும்பவில்லை. ஆறு மணிக்கு நான் நூலகத்துக்குப் போய்ப் பார்த்தேன், அங்கே அவர் வரவேயில்லை என்றார்கள். அதன் பிறகு ஓலும் என்ற வாயில் காவலரிடம் கேட்டேன். அவர் வடக்கே உள்ளவர், எங்கள் மொழி தெரியாது. "பழுப்புக் கோட்டுப் போட்டவர் கார்லேருந்து அப்வோலின்னு கூப்பிட்டார். அந்தம்மா நின்னு பதில் சொல்லிச்சு. சொந்தக்காரங்கன்னு நெனச்சேன். இறங்கி வந்து தோள்ல கை போட்டு ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க" என்றார்.

தனிமை தாங்காமல் திருமதி கபஹேந்தா ஊருக்குப் போயிருக்கலாம் என்று இல்லப் பொறுப்பாளர் எழுதிக் கொடுத்திருப்பதாக அறிகிறேன். அவருக்குத் தனிமை இருந்தது உண்மை. ஆனால் வியாழன் காலை அவர் ஊறவைத்த அவரைக்கொட்டை சமையலறைக் கிண்ணத்தில் இருந்தது. இரண்டு பேருக்கான அளவு. ஞாயிற்றுக்கிழமை அது முளைவிட்டிருந்தது. படிக்கும் கண்ணாடியும் ரத்த அழுத்த மாத்திரையும் மேஜையில் இருக்கின்றன. ஆகவே அவர் விருப்பப்பட்டுப் போனதாகக் கோப்பை முடிக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த மாவுப் பை இன்னும் ஜன்னல் ஓரத்தில்தான் இருக்கிறது. நான் தொடவில்லை.

மேலே எழுதியது முழுவதையும் ஒரு முறை படித்துப் பார்த்தேன். நடந்தது இதுதான், எனக்குச் சாதகமாக எதையும் விடவில்லை.

(ஒப்பம்) கோபுசிங்கே
20.11.2023

கையெழுத்துக்குக் கீழே எழுதுவதற்கு மன்னிக்கவும். இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அவர் கிடைத்ததும், தான் இங்கே இருப்பதை யார் சொன்னது என்றுதான் முதலில் கேட்பார். இந்தத் தாளை அவரிடம் படித்துக் காட்ட வேண்டாம். என்னைக் கூப்பிடுங்கள், எந்த ஊராக இருந்தாலும் வருகிறேன். அவர் என்னைக் கேட்ட கேள்விக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.