நெல் காய்ந்த ரோடு

பனிச்சங்கேணி மீன்வாடியில் வேலை முடிந்துவிட்டது. பையைத் தோளில் போட்டுத் தெற்கே நடந்தவன், கால் வலிக்கவே பஸ் ஏறினேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

“மச்சாள், உன்ட நெல்லாலதான் பள்ளிக்கூடத்தடிக்கு வேகத்தடை இல்லாமப் போச்சு.”

“என்னகா சொல்றாய்?”

“கூட்டத்தில எல்லாரும் கேட்டம். பிரதேச சபை ஐயா ரோட்டைப் பார்க்க வந்தார். அண்டைக்குப் பார்த்து நீ பாதி ரோட்டில நெல்லுக் காயப் போட்டிருந்தாய். வாகனமெல்லாம் ஊர்ந்து போச்சு. ‘இங்க ஆரும் வேகமா ஓடல்லயே’ எண்டு எழுதிப்போட்டார்.”

“அப்ப என்ட நெல்லுதான் நல்ல வேகத்தடை!”

“சிரிக்காத கா. என்ட மகள் போன கிழமை மயிரிழையில தப்பினாள். சண்டை பிடிச்சு, நாளைக்கு அவரைத் திரும்ப வரச் சொல்லியிரிக்கம்.”

சிரித்தவள் அடங்கினாள்.

“ரோட்டில கிடக்கிற நெல்லை விடியவே அள்ளிப்போடுறன். சாக்குப் பிடிக்கத்தான் ஆளில்ல.”

அவர்கள் இறங்கிய இடத்திலேயே நானும் இறங்கினேன். மறுநாள் காலை அந்த ரோட்டில் சாக்குப் பிடித்தேன். கடைசி மூட்டையைத் தூக்கியதும் ஒரு பஸ் பறந்து வந்தது. ரோட்டைப் பார்க்க அப்போதுதான் வந்து நின்ற சபை ஐயா வேலியோரம் பாய்ந்து, அங்கே நின்றபடியே எழுதத் தொடங்கினார்.