மாப்பிள்ளை வள்ளம்

செல்வி: …கோட்டுப் பட்டனப் போடுலே. காத்து ஒன்னயே தூக்கீட்டுப் போயிரும் போல இருக்கு.

ஜெரிஷ்: எக்கா, வள்ளக்காரரு என்ன சொல்லுதாரு?

செல்வி: சிலுவைமுத்து மாமாவா? மாப்பிள்ளை ஏறுனா எடுக்கேங்காரு. ஆனா காயல் கடல்ல சேருத பொழி தொறந்து கெடக்காம். நடுக்காயல்ல இன்ஜின் நின்னுட்டா, தண்ணி நேரா கடலுக்குத்தான் இழுக்குமாம்.

ஜெரிஷ்: அப்போ ஏறாண்டாம்ங்காரா?

செல்வி: அதச் சொல்லமாட்டேங்காரு. ஒனக்க கல்யாணம், நீதான் சொல்லணுமாம்.

ஜெரிஷ்: வள்ளத்துல கெட்டுன பூவெல்லாம் போச்சு பாரு. வெறும் கயிறுதான் ஆடுது.

செல்வி: பூ போனா போட்டு. அம்மா வேன விட்டு எறங்கமாட்டேங்கா.

ஜெரிஷ்: என்ன சொல்லுதா?

செல்வி: ஒண்ணும் சொல்லல்ல. காயல் பக்கமே திரும்பாம இருக்கா. ஒக்கிப் புயல்ல அப்பா கடலோட போனதுக்குப் பெறகு அவ வள்ளத்துல கால் வச்சிருக்காளா?

ஜெரிஷ்: நானும்தான் வைக்கல்ல.

செல்வி: பின்ன எதுக்குலே இதுக்குச் சம்மதிச்ச?

ஜெரிஷ்: ரெஜிக்க தம்பி, அனிஷு… கல்யாண வாட்ஸ்அப் குரூப்புல போட்டான்லா. மாப்பிள்ளை வள்ளத்துல வந்து அக்கரையில எறங்குவாரு, ட்ரோன் வச்சு எடுப்போம்னு. ரெஜி அதுக்கு ஒரு ஹார்ட்டு போட்டா. நானும் போட்டேன்.

செல்வி: ஒரு ஹார்ட்டுக்காவ அம்மயக் காயலுக்குள்ள கொண்டு போப்போறியா?

ஜெரிஷ்: கடக்கரையில பெறந்த கடியப்பட்டணத்துக்காரன் மணக்குடிக் காயலப் பாத்துப் பேடிச்சான்னு சிரிப்பாவ எக்கா.

செல்வி: சிரிக்கட்டு. சிரிச்சு முடிஞ்சா பிரியாணி தின்னப் போயிருவாவ. பாலம் அந்தா கெடக்கு. வேன்ல ஒரு பாட்டு முடியுததுக்குள்ள கோயில் வந்துரும்.

ஜெரிஷ்: அவ ஆசப்பட்டுட்டா. முத காரியமே முடியாதுன்னு எப்பிடிச் சொல்ல…

செல்வி: போன் அடிச்சுக் கேளு.

ஜெரிஷ்: நீ கேளேன்.

செல்வி: கெட்டப்போறது நானா? பிடி, ரிங்கு போவுது. ஸ்பீக்கர்ல போடு.

ரெஜிஷா: சொல்லுங்க… ஏறியாச்சா?

ஜெரிஷ்: இல்ல ரெஜி. இங்க காத்து…

ரெஜிஷா: இங்கயும்தான். பந்தல் ஷீட்டு ஒண்ணு பறந்து போச்சு. தண்ணி எப்பிடி இருக்கு?

ஜெரிஷ்: கொஞ்சம்… இல்ல, நல்லாவே பொங்குது. ரெஜி, நான் ஒண்ணு சொல்லட்டா?

ரெஜிஷா: ம்.

ஜெரிஷ்: நான் வள்ளத்துல வரல்ல. அம்மய ஏத்த மனசில்ல. எனக்கும் முடியாது. அப்பா போனதுல இருந்து நான் ஏறுனதே இல்ல. ஒனக்கிட்டச் சொல்லணும்னு நெனச்சு நெனச்சு… சொல்லல்ல. பாலம் வழியா வாறேன். ரெஜி? இருக்கியா? கோவமா?

ரெஜிஷா: இருக்கேன்… மேக்கப்புதான் போச்சு.

ஜெரிஷ்: அழுதியா?

ரெஜிஷா: பின்ன? நீங்க ஏறிட்டியளோன்னு உசிரக் கையில பிடிச்சுட்டு நிக்கேன். சின்னதுல இதே காயல்ல விழுந்து பொழச்சவ நான். எனக்கு எதுக்குங்க வள்ளமும் ட்ரோனும்?

ஜெரிஷ்: ஹார்ட்டு போட்டியே.

ரெஜிஷா: தம்பி மொகம் வாடாண்டாம்னு போட்டேன். நீங்களும் போட்டிய. ஒங்க ஆசையாக்கும்னு வாய மூடிட்டேன்.

ஜெரிஷ்: நேத்தே சொல்லியிருக்கலாம்லா?

ரெஜிஷா: ஒங்ககிட்டச் சொல்லப் பயம். மாதாகிட்டச் சொன்னேன். காத்து அடங்கப்பிடாதுன்னு… இந்த வாரம் பூரா அதே செபம்தான். கடக்கரையில எவளாவது அப்பிடிக் கேப்பாளா?

ஜெரிஷ்: நான் கேட்டேன். நேத்து பூரா அதத்தான் கேட்டேன்.

ரெஜிஷா: மைனி பக்கத்துல இருக்காவளா? சிரிக்கப் போறாவ.

செல்வி: எங்க சிரிக்க… நான் மெழுகுதிரியே கொளுத்தீட்டுல்லா வந்தேன். மூணு பேரு கேட்டா காத்து எப்பிடிட்டி நிக்கும்? போன வச்சுட்டு மொகத்தத் தொடச்சுக்க. வேன் கெளம்பியாச்சு.