விடைபெறும் சொல்

கோவில்பட்டிக்குச் செல்லும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் இரு பெண்டிர் அமர்ந்திருந்தனர். மூத்தவர், கணவரை இழந்து சில திங்களே ஆனவர், தம் அண்டை வீட்டுக்காரியிடம் கூறினார்:

"சாகும்போதுகூட அவிய 'வாரேன்'னுதான் சொன்னாவ, தாயி."

"எல்லாரும் அப்படித்தானக்கா சொல்லுதோம். எங்க தெலுங்குலயும் 'போயொஸ்தானு', போயிட்டு வாரேன்னுதான். போறேன்னு மட்டும் சொல்ல வாய் வராது."

"ஆசுபத்திரி வெள்ளக்காரம்மா அவுக பாஷையில 'போறேன்'னே சொல்லுமாம்."

"அதான் அவுக ஆளுக போனது போனதுதான்!"

சொன்னவள் சிரித்தாள், மூத்தவர் சிரிக்கவில்லை.

"தெனம் மத்தியானம் வீட்டுக்குள்ள அவிய கால்தடம் கெடக்கு. ஈரக் கரிசல். உள்ள வார தடந்தான். வெளிய போற தடம் இல்ல."

"மழை பேஞ்சு நாலு மாசமாச்சே, அக்கா!"

"அதான் பயந்து வீட்டப் பூட்டிட்டேன். இனி மதுரையில மகன்கூடதான்."

"கெளம்பும்போது என்ன சொன்னீய?"

"வாசல்ல நின்னு, 'நான் போறேன், இனி வரமாட்டேன்'னு சொன்னேன். நாப்பது வருசத்துல அந்தச் சொல்ல இன்னைக்குத்தான் சொல்லுதேன்."

"உள்ளருந்து சத்தம் எதுவும்..."

"நான் திரும்பிப் பாக்கல."

புகைவண்டி நிலையத்தருகே இருவரும் இறங்கிச் சென்றனர். பேருந்து புறப்படுமுன், வெற்றிருக்கையின் அடியைக் கண்ட நடத்துநர் சினந்தார்:

"ஏலே, இந்த வறட்சியில சகதிக் காலோட ஏறுனது யாரு?"

நான் குனிந்து பார்த்தேன். படியிலிருந்து அவ்விருக்கை வரை ஈரக் கரிசல் தடங்கள் வந்திருந்தன. அங்கிருந்து அவை மீண்டும் படியை நோக்கித் திரும்பியிருந்தன.